நெற்றிக்காசு

கண்ணாடி மறுபடியும் வேர்த்துவிட்டது. துண்டால் துடைத்தேன். துடைத்தால் கொஞ்ச நேரம் தெரிகிறது, யுவராஜின் நெற்றி, அதில் அப்பிய சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் அந்த ஒரு ரூபாய். பிறகு ஓரத்திலிருந்து வெள்ளையாய்ப் படர்ந்து வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கடலூர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், ஐஸ் பெட்டிக்கு இந்த ஊர் லாயக்கில்லை. பெட்டி கொண்டுவந்த ஆள் ஃபேனை இந்தப் பக்கம் திருப்பினால் வேர்க்காது என்றான். திருப்பினால் தலைமாட்டு விளக்கு அணைந்துவிடும் என்று யுவராஜின் அம்மா விடவில்லை, விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதனால் நான் துடைக்கிறேன். துடைத்துவிட்டுக் குனிகிறேன், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரைக்கும் குனிகிறேன். பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள், "மாமனாரப் பாரு, மூஞ்சிய உட்டு நவுர மாட்டேங்குறாரு. பெத்த புள்ள கணக்கா." நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை. காசைப் பார்க்கிறேன். என் மகள் கோதையின் புருஷன் என் முன்னால் செத்துக் கிடக்கிறான், முப்பத்தெட்டு வயது, நேற்று மத்தியானம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினவன், நான் அவன் நெற்றியில் இருப்பது எந்த வருஷத்துக் காசு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் என்னைப் பிடித்துக் கட்டிவைப்பார்கள். சொல்லப் போவதில்லை. துடைக்கிறேன்.

காலையில் அதை வைக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பெட்டி வருவதற்கு முன்னால், பாயில் கிடத்தியிருந்தபோது, யுவராஜின் அம்மா சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டு, "ஒரு ரூவா காசு குடுங்கடா" என்று கையை நீட்டினாள். ஸ்டாண்டில் அவனோடு வண்டி ஓட்டுகிற அய்யனார் வெளியே போய், வாசலில் நிற்கிற யுவராஜின் ஆட்டோவிலேயே, ஸ்டியரிங்குக்குக் கீழே சில்லறை போட்டு வைக்கிற டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். கை மாறும்போது வெயில் பட்டு ஒரு வெட்டு வெட்டியது. புழங்கின காசு அப்படி மின்னாது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. சுதந்திரத்துக்கு எழுபத்தைந்து வருஷம் ஆனதற்காக ஒரு வரிசை அடித்தார்கள், ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது, எல்லாவற்றிலும் எழுபத்தைந்து என்று எண் இருக்கும். மற்ற நாலும் என்னிடம் வந்துவிட்டன. ஒரு ரூபாய் மட்டும் வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஐந்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறான். "வாங்கியாந்துடட்டா மாமா" என்று யுவராஜ் ஒருதரம் கேட்டான். வேண்டாம் என்றேன். காசு கொடுத்துக் காசு வாங்குவதா. பால் வாங்கும்போது, டீ குடிக்கும்போது, மீதிச் சில்லறையில் கலந்து அதுவாகக் கைக்கு வர வேண்டும். "சரி மாமா, தானா வரட்டும்" என்றான். சிரிக்கவில்லை. சாமி காரியம் மாதிரி ஏற்றுக்கொண்டான். இந்தப் பைத்தியத்துக்கு என் மனைவி சிரித்தாள், கோதை சிரித்தாள், அவன் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவான், கர்ச்சீப்பை விரித்து வாரத்துச் சில்லறையைக் கொட்டுவான், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புரட்டுவோம். வருஷத்துக்குக் கீழே சின்னதாய்ப் புள்ளி இருந்தால் நொய்டாவில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் அவன் கண் என் கண்ணைவிடக் கூர்மையாகிவிட்டது. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஊரெல்லாம் வாங்க மறுத்தபோது அவன் மட்டும் எல்லாரிடமும் வாங்கினான், எனக்காக. இப்போது சில்லறையே குறைந்துவிட்டது. "எல்லாரும் போனக் காட்டிட்டு எறங்கிடுறாங்க மாமா. நம்ம காசு எங்கேருந்து வரும்" என்றான் போன வாரம். போன வாரமா. ஆமாம், போன ஞாயிறுதான். ஒரு ரூபாய்க்கு இனிமேல் இரண்டே வேலைதான் என்று நான்தான் சொன்னேன், கல்யாணத்து மொய்க் கவரில் ஒட்டுவது, இல்லாவிட்டால்... இல்லாவிட்டால் என்ன சொன்னேன், அதையும் சொன்னேன், சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

துடைக்கிறேன். மேலே இருப்பது எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. சிங்கப் பக்கம் மேலே இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாக் காசிலும் சிங்கம் ஒன்றுதான். எண் பக்கம் இருந்தால் ஓரத்தில் நெற்கதிர் தெரிய வேண்டும், கதிர் என்றால் இது முந்தின வரிசை, என்னிடம் அது நிறைய இருக்கிறது. கதிர் மாதிரி ஒரு கோடு தெரிகிறது. கோடா, சந்தனம் காய்ந்து வெடித்த வெடிப்பா. இந்தக் கல்யாணம் நான் பார்த்து வைத்ததில்லை, கோதையே பார்த்துக்கொண்டது. நான் பார்த்திருந்தால் இப்படி ஒரு பையனை எனக்குப் பார்க்கத் தெரிந்திருக்காது. ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் இவன்தான். வெடிப்புதான். இல்லை, கதிர். குனிகிறேன். யாரோ என் தோளைப் பிடித்து, "போதும் பூவராகா, எந்திரி, கொஞ்சம் தண்ணி குடி" என்கிறார்கள். தலையை ஆட்டுகிறேன். கைகள் போய்விடுகின்றன.

ஒரு அம்மாள் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மீன் வாடை. எனக்குத் தெரியாத முகம். "பையனுக்கு நீங்க என்னா வேணும்" என்றாள். மாமனார் என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். "நான்தாங்க அந்த வண்டியில பின்னாடி உக்காந்திருந்தேன்" என்றாள். நான் துண்டை மடியில் வைத்தேன். "மஞ்சக்குப்பத்துக்கு. ஆள் ரொம்புனாதான எடுப்பாங்க, அதான் உக்காந்திருந்தோம். நாலு பேரு ஏறிட்டாங்க. அப்பவும் எடுக்கல. இன்னும் என்னாத்துக்குயா நிக்குற, மீனு நாறிப்போவுதுன்னு சத்தம் போட்டேன். இன்னொரு ஆளு, தூங்குறான் போல எழுப்புங்கன்னாரு. முதுவுல தட்டுனேன்." தட்டின கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இதைச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறாள், யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்திருக்கிறாள், நான் அகப்பட்டேன். ஸ்டியரிங் மேல் கையை மடித்து வைத்து நெற்றியை அதன்மேல் சாய்த்திருந்தான் என்று அய்யனார் நேற்றே சொன்னான். பின்னால் நாலு பேர் உட்கார்ந்து வண்டி கிளம்பட்டும் என்று காத்திருந்தார்கள். நான் அந்த வண்டிக்குள் போய் உட்காருகிறேன், ராத்திரியிலிருந்து போய்ப் போய் உட்காருகிறேன், முதுகு தெரிகிறது, காக்கிச் சட்டைக் காலர் தெரிகிறது, நானும் காத்திருக்கிறேன். எதிரே டீக்கடையில் பால் பொங்குகிறது. யாரோ பையை மடிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். முன்னால் இருக்கிறவன் எடுக்கப் போகிறான், இதோ சாவியைத் திருப்பப் போகிறான். "சூடா இருந்துச்சா" என்று கேட்டேன். "என்னாதுங்க?" "முதுகு." அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "இருந்துச்சுங்க. சட்ட நனஞ்சிருந்துச்சு" என்றாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் அதோடு தனியாக இருக்க முடியாமல் துண்டை எடுத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், காசைத் தேடினேன்.

மைத்துனன் கலிவரதன் வந்து ஒரு துணிக்கடைப் பையை என் மடியில் வைத்தான். என்ன என்று கேட்கவில்லை. அவனே குனிந்து காதோடு சொன்னான், "கோடி. வெளிர் கலர்லதான் எடுத்தேன். நீங்கதான் போடணும், பொறந்த வூட்டுது மொதல்ல." பை கனக்கவே இல்லை. ஒரு புடவை இவ்வளவு லேசாகவா இருக்கும். இதைத்தான், இதைத்தான் நான் காலையிலிருந்து யோசிக்காமல் இருக்கிறேன். பெட்டியைத் திறப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், அப்புறம் கோதையை அழைத்துவந்து நிறுத்துவார்கள், பெற்றவன் எழுந்து போய் அவள் தோளில் இதைப் போட வேண்டும். போட்டால் அவள் இனி அதுதான் என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. அவளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட என் கையால் புடவை எடுக்கவில்லை, அவளே போய் எடுத்துக்கொண்டாள், எனக்குப் புடவையில் ஒன்றும் தெரியாது என்றாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். கால்மாட்டில். அழவில்லை. நேற்று ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, மாரடைப்பு என்று சொன்ன டாக்டரிடம் நின்று விவரமாய்க் கேட்டுக்கொண்டாள், கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஒக்காரு" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் பக்கத்தில் இருக்கிற கிழவி சொல்கிறாள், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நல்லவேளை, புள்ளகுட்டி இல்ல." நல்லவேளை. ஏழு வருஷம் எத்தனை டாக்டர். நல்லவேளையாம். கோதை அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள், பெட்டியில் நான் துடைத்திருந்த இடத்தைப் பார்த்தாள், நெற்றிக்கு நேரே வட்டமாக, அந்த ஒரு இடத்தை மட்டும் துடைத்திருந்தேன், கன்னமும் வாயும் மூடியிருந்த கண்களும் பனிக்குள்ளேயே கிடந்தன. மடியிலிருந்த பையையும் பார்த்தாள். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு முப்பத்தொன்று. நான் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன், என் மனைவி எவ்வளவு காலம் இருப்பாள், அதற்கப்புறம் இவள் எந்த வீட்டில், யாரோடு, மாதக் கடைசியில், காய்ச்சல் வந்தால், கதவைத் தட்டினால் யார்... கதிர்தான் அது. கதிராகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டிக்காரன் வந்து பிளக்கைப் பிடுங்கினான். காலையிலிருந்து காதில் இருந்த உர்ரென்ற சத்தம் நின்றதும் வீடே காலியான மாதிரி இருந்தது. அழுகை எழும்பியது. அய்யனாரும் ஸ்டாண்டு ஆட்கள் மூன்று பேரும் மூடியைத் தூக்கினார்கள், குளிர் என் முகத்தில் அடித்தது, எழுந்தேன், பை ஒரு கையில், இப்போது பார்த்துவிடலாம், கண்ணாடி இல்லை, நடுவில் ஒன்றும் இல்லை என்று முன்னால் நகர்ந்தேன். அதற்குள் அவர்கள் பாயோடு தூக்கிவிட்டார்கள். வாசலில் பந்தலுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு போட்டிருந்தது. கூடவே போனேன். பெஞ்சில் இறக்கும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்தது, ஈரத்தில் ஊறியிருந்த சந்தனம் பிடி விட்டுவிட்டது, காசு வழுக்கிக் காதோரமாய் இறங்கித் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தலையைத் தாங்கிப் பிடிப்பதில் இருந்தார்கள். அது சிமெண்டுத் தரையில் நிமிர்ந்து நின்று உருண்டது, அவசரமில்லாமல் ஒரு வளைவு வளைந்து என்னிடமே வந்தது, நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாய் யோசிக்கவில்லை, என் கால் தன்னைத்தானே தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டது.

வெறுங்கால். சில்லென்று இருந்தது. பெட்டிக்குள் இருந்த குளிர் அப்படியே அதில் இருந்தது, அவன் நெற்றியில் இருந்த குளிர். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், சீயக்காய் தேய்த்தார்கள், அவன் அம்மா ஒரு சொம்பு ஊற்றினாள், தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து ஓடிவந்து என் காலைச் சுற்றிக்கொண்டு போனது. நான் நின்றேன். உள்ளங்காலால் படிக்கப் பார்த்தேன். ஏழு தெரிகிறதா, ஐந்து தெரிகிறதா. என் கால் தோல் தடித்தது, ஒன்றும் தெரியவில்லை, வட்டம் மட்டும் தெரிந்தது. குனிந்து எடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள். எடுத்துக் கொடுத்தால் மறுபடி நெற்றிக்குப் போய்விடும், கெடிலக்கரைச் சுடுகாட்டுக்குப் போய்விடும். கொடுக்காவிட்டால். கொடுக்காவிட்டால் நான் என்ன ஆள். மாமா, தானா வரட்டும். வந்துவிட்டதே யுவராஜ், தானாகத்தானே வந்தது. துடைத்துவிட்டார்கள், வேட்டி கட்டிவிட்டார்கள், மறுபடி சந்தனம் அப்பினார்கள். "காசு எங்கடா" என்றாள் அவன் அம்மா. "அங்கதான் இருந்துச்சு." "தண்ணியில போயிருக்கும்." "யாராச்சும் ஒரு ரூவா குடுங்கப்பா." ஆட்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருத்தர் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். எல்லார் பையிலும் போன் இருந்தது. அய்யனார் ஆட்டோவுக்கு ஓடி, "டப்பாவுல ரெண்டு ரூவா, அஞ்சு ரூவாதான் கெடக்குது, ஒரு ரூவா இல்ல" என்று திரும்பி வந்தான். கலிவரதன் என்னைப் பார்த்தான். "மச்சான், உங்ககிட்ட இல்லாத காசா" என்றான். எல்லாரும் திரும்பினார்கள். காலை எடுக்க வரவில்லை, எடுக்க நினைத்தேனா என்றும் தெரியவில்லை, என் உடம்பில் அந்தக் கால் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி கனத்துப்போய் நின்றது. "வுடுங்க, அவரே இடிஞ்சிபோயி நிக்கிறாரு" என்று யாரோ சொன்னார்கள். "கோடிய மொதல்ல போடட்டும். பொண்ண கூட்டியாங்க."

கோதையை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவளைப் பிடிக்கவே தேவையில்லை, நேராகத்தான் நடந்து வந்தாள். என் எதிரில் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள், "கால எடுப்பா."

எடுத்தேன். காசு பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து பிறகு விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். கோபமாக எடுக்கவில்லை, கீழே விழுந்த எதையும் எடுப்பது மாதிரி எடுத்தாள். சேற்றையும் சந்தனத்தையும் தலைப்பில் துடைத்தாள், புரட்டிப் பார்த்தாள், உள்ளங்கையில் வைத்து வெயிலில் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதானாப்பா, நீயும் அவரும் தேடுனது?"

பார்த்தேன். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை எனக்கு, புள்ளியா நட்சத்திரமா என்று கண்ணாடி போடாமலே சொல்லிவிடுவேன். அவள் கை நடுங்கவும் இல்லை. ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் கலைந்து ஓடியது. இமைத்தேன், ஒரு நொடி நின்றது, மறுபடி கலைந்தது. என் தாடையில் என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது. "தெரியலம்மா" என்றேன். "நல்லாப் பாரு." "தெரியல." அவள் இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாதவள் மாதிரி. பிறகு பெஞ்சுக்குப் போய், ஈரத் தலைமயிரைப் பின்னால் தள்ளிவிட்டு, அவன் நெற்றியில் வைத்து ஒரு விரலால் அழுத்தினாள். விரலை உடனே எடுக்கவில்லை. எடுத்தபோதுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது, நேற்றிலிருந்து வராதது. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பிடிக்க வேண்டியிருந்தது.

என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "போடுங்க" என்றான் கலிவரதன். பையிலிருந்து புடவையை எடுத்தேன். மடிப்புக் கலையாமல் இருக்கக் கடைக்காரன் ஊசி குத்தியிருந்தான். அதைக் கழற்றப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை, மறுபடி பார்த்தேன். கோதை அழுதுகொண்டே கையை நீட்டிப் புடவையை வாங்கினாள், ஊசியைத் தேடிப்பிடித்து அவளே கழற்றினாள், என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளைக் காட்டி நின்றாள்.